4-ஆம் நாள் இட்லி மாவை வைத்துப் பிள்ளைகளோடு என்ன செய்யலாம்?

பனியன்ஊர்க்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் இருக்கிறேன், பனியன் கம்பெனியில் கட்டிங் பகுதியில் வேலை. மனைவி செவிலியர். இந்த மாதம் முழுக்க அவருக்கு மதியம் 2 மணியிலிருந்து இரவு 9 மணி வரை ஷிஃப்ட். அதனால் இரவுச் சாப்பாடு என் தலையில். மகள் ஆறாம் வகுப்பு முடித்திருக்கிறாள், மகன் ஒன்றாம் வகுப்பு. பள்ளி விடுமுறை. வெயிலுக்குப் பயந்து இரண்டு பேரும் வீட்டுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டு இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் 4 டம்ளர் இட்லி அரிசிக்கு 1 டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம் போட்டு ஆட்டி வைக்கிறோம். திங்கள் இட்லி, செவ்வாய் தோசை. அதுவரை பிரச்சினை இல்லை. புதன்கிழமை தூக்கின் மூடியைத் திறந்தால் மகன் மூக்கைப் பிடித்துக்கொள்கிறான். வியாழக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து "மறுபடியும் தோசையா" என்று ஒரே சுருதியில் பாடுகிறார்கள். போன வாரம் மீதி மாவைக் கீழே கொட்டிவிட்டேன். அது எப்படியோ மாமியார் காதுக்குப் போய், ஃபோனில் அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

புளித்த மாவை வைத்துப் பிள்ளைகளும் கையை வைத்துச் செய்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள். வீடியோக்களில் வருகிற, 12 சாஸ் பாட்டில் தேவைப்படுகிற அயிட்டங்கள் வேண்டாம். வீட்டில் ஓவன் இல்லை. இட்லி குண்டா இருக்கிறது. அம்மா கொடுத்த 7 குழி இரும்புப் பணியாரக் கல் ஒன்று பரணில் கிடக்கிறது. கல்யாணமாகி இன்றுவரை இறக்கியதில்லை. முட்டை சாப்பிடுவோம்.

நைட்ஷிஃப்ட்_நளன்:

வெங்காயம், தக்காளி, குடைமிளகாய் போட்டுக் கனமாக ஊத்தப்பம் ஊற்றி, மேலே சீஸைத் துருவி, மூடி போட்டு வேக வைத்து "பீட்சா" என்று சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் 2 வருடமாக இந்தப் பொய் ஓடிக்கொண்டு இருக்கிறது.

பள்ளத்தூர் ஆச்சி:

தம்பி, மாவைக் கொட்டினது தப்பு. உங்கள் மாமியார் பக்கம்தான் நான்.

முதலில் மாவு ஏன் புதன்கிழமையே இப்படி ஆகிறது என்று பாருங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் 6 மணி நேரம் வெளியில் இருந்தாலே மாவு பொங்கிவிடும். ராத்திரி முழுக்க மேடையில் விட்டுவிட்டுக் காலையில் மாவைக் குறை சொல்லக்கூடாது. ஆட்டினதும் இரண்டு பாத்திரமாகப் பிரியுங்கள். ஒன்றை வெளியில் வையுங்கள், இன்னொன்றைப் பொங்க விடாமல் நேராக ஃபிரிட்ஜில் உள்ளே தள்ளி வையுங்கள். செவ்வாய்க்கிழமை ராத்திரி இரண்டாவதை வெளியில் எடுத்தால் புதன்கிழமை புது மாவு மாதிரி இருக்கும். அப்புறம், ஒவ்வொரு வேளையும் மொத்த மாவையும் கரண்டி விட்டுக் கலக்காதீர்கள். உள்ளே இருக்கிற காற்றெல்லாம் போய்விடும். அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் மேலாக அள்ளி, தனிக் கிண்ணத்தில் கரைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கையில் இருக்கிற புளித்த மாவுக்கு வருவோம். மாவுக்கும் வயது உண்டு. முதல் நாள் இட்லி, இரண்டாம் நாள் தோசை, மூன்றாம் நாள் ஊத்தப்பமோ பணியாரமோ, நாலாம் நாள் எண்ணெய்ச் சட்டி. நாலாம் நாள் மாவை மெல்லிசாகத் தோசையாக இழுக்கப் பார்த்தால் அது வெளுத்துப்போய், வாயில் வைத்தால் புளிப்பாகத்தான் இருக்கும். பிள்ளைகள் பாடுவதில் நியாயம் இருக்கிறது.

பரணில் இருக்கிற கல்லை இறக்குங்கள். இறக்கினதும் மாவை ஊற்றினால் ஒட்டாமல் என்ன செய்யும்? நன்றாகத் தேய்த்துக் கழுவி, அரிசி களைந்த கழுநீரை ஊற்றி 2 நாள் ஊற விடுங்கள். கழுநீரைத் தினமும் மாற்ற வேண்டும். பிறகு துடைத்து அடுப்பில் காய வைத்து, குழிக்குக் குழி நல்லெண்ணெய் விட்டு, நறுக்கின வெங்காயத்தைப் போட்டுக் கறுக்கிற வரைக்கும் வதக்கிக் கொட்டிவிடுங்கள். இப்படி 2 தடவை. அப்படியும் முதல் ஈடு கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். முதல் ஈடு கல்லுக்கு, இரண்டாவது ஈடுதான் நமக்கு.

4 கரண்டி புளித்த மாவுக்கு 2 ஸ்பூன் ரவையை 10 நிமிடம் ஊற வைத்துச் சேருங்கள், புளிப்பு மட்டுப்படும். பச்சரிசி மாவு என்றாலும் சரி. கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு தாளித்து, சின்ன வெங்காயம் பத்துப் பன்னிரண்டை அரிந்து போட்டு, 2 பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பல்லுப் பல்லாகக் கீறின தேங்காய் எல்லாம் வதக்கி, சூட்டோடு மாவில் கொட்டுங்கள். குழிக்கு அரை ஸ்பூன் நல்லெண்ணெய். முக்கால் குழிக்கு மாவு. மூடி. தீ தணிவாக இருக்கட்டும். ஓரம் தானாகக் கல்லை விட்டு விலகும். அதுவரை கம்பியை எடுக்காதீர்கள். ஆத்திரப்பட்டுக் குத்தினால் பாதி கம்பியிலும் பாதி கல்லிலும் நிற்கும். திருப்ப எங்கள் வீட்டில் இன்றும் பழைய குடைக்கம்பிதான், தேய்த்து வழவழப்பாக்கி வைத்தது. உங்கள் மகள் திருப்பட்டும். சின்னவன் வெங்காயம் உரிக்கட்டும், அழுதாலும் பரவாயில்லை.

நாலாம் நாளுக்கு மாவு போண்டா. மாவோடு ரவை, பச்சரிசி மாவு, சீரகம், வெங்காயம், இஞ்சி சேர்த்து வடை மாவு பதத்துக்குக் கெட்டியாகப் பிசைந்து, எண்ணெயில் கிள்ளிப் போட வேண்டும். ஆந்திராவில் புனுகுலு என்று விஜயவாடா பக்கம் தெருவெல்லாம் விற்பது இதேதான். மாவு தளர்வாக இருந்தால் எண்ணெயைக் குடித்துவிடும். இது மட்டும் நீங்கள் தனியாகச் செய்யுங்கள், பிள்ளைகளை எண்ணெய்ச் சட்டிப் பக்கம் விடாதீர்கள்.

யாராவது வந்து வெள்ளைப் பணியாரம் செய்யச் சொன்னால் கேட்காதீர்கள். அது பச்சரிசியை ஒரு உழக்கு அளந்து, அதே உழக்கின் மேல் உளுந்தைக் கோபுரமாக வைத்து அளந்து ஊறப்போட்டு, ஆட்டின உடனே ஊற்றுகிற பலகாரம். புளித்த மாவுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

பூவன்பழம்:

ஆச்சி சொன்னது எல்லாம் சரி, ஒன்றை விட்டுவிட்டார். இனிப்புப் பணியாரம்! மூன்றாம் நாள் மாவில் நன்றாகக் கனிந்த பூவன்பழம் இரண்டைப் பிசைந்து, வெல்லப் பாகு, ஏலக்காய், 2 ஸ்பூன் கோதுமை மாவு. பழத்தைப் பிசைகிற வேலைக்கு ஒன்றாம் வகுப்பை விட்டால் ஆள் கிடையாது. புளிப்பு இருப்பதே தெரியாது.

பள்ளத்தூர் ஆச்சி:

எனக்குத் தெரியும். வெல்லமும் புளிப்பும் சேர்ந்தால் என் நாக்குக்கு ஒத்துக்கொள்ளாது. அவரவர் வாய்.

அத்திவரதர் தெரு:

காஞ்சிபுரத்துக்காரன் என்ற முறையில் ஒரு யோசனை. பணியாரக் கல் பழகும் வரை உங்கள் இட்லி குண்டாவே போதும், டம்ளர் இட்லி செய்யுங்கள்.

எங்கள் ஊர் வரதராஜப் பெருமாள் கோயிலில் பிரசாதமாகத் தருகிற குடலை இட்லியைச் சாப்பிட்டிருப்பீர்கள், இல்லை கேள்விப்பட்டாவது இருப்பீர்கள். மூங்கிலில் நீளமாகப் பின்னின குடலைக்குள் மந்தாரை இலையைப் பரப்பி, மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேக வைப்பார்கள். வெந்தபின் தூண் மாதிரி நிற்கும். அதை அறுத்துத் துண்டு போடுவார்கள். அதற்குப் பச்சரிசியும் உளுந்தும் கொரகொரப்பாக அரைக்க வேண்டும், உங்கள் மாவு அது இல்லை. ஆனால் அந்த இட்லிக்குப் புளிப்பு ஒரு குறையே கிடையாது. வீட்டில் செய்கிறவர்கள் புளிப்புக்காகத் தயிரையே சேர்ப்பார்கள். அதனால் உங்கள் புதன்கிழமை மாவு இதற்குப் பொருத்தம்.

மிளகு, சீரகம் ஒன்றிரண்டாக இடித்தது, சுக்குப் பொடி, பெருங்காயம், கறிவேப்பிலை. இடிக்கிற வேலையைச் சின்னவனிடம் சிறிய உரலோடு கொடுத்துவிடுங்கள். அரை மணி நேரம் சத்தம் வரும், சண்டை வராது. நெய்யும் நல்லெண்ணெயும் பாதிப் பாதியாகக் காய்ச்சி, அதில் இதையெல்லாம் பொரித்து மாவில் கொட்டிக் கலக்குங்கள். எவர்சில்வர் டம்ளருக்குள் எண்ணெய் தடவி, பாதி அளவுக்குத்தான் மாவு. பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், பொங்கி வழிந்து குண்டா தண்ணீரில் விழும். 20 நிமிடம். குச்சியைக் குத்திப் பார்த்தால் ஒட்டாமல் வர வேண்டும். ஆறினபின் ஓரத்தில் கத்தியை ஒரு சுற்று விட்டுக் கவிழ்த்தால் முழுசாக வந்து நிற்கும்.

வாழை இலைத் துண்டை வாட்டி டம்ளருக்குள் சுருட்டி வைத்து ஊற்றினால் வாசனைக்கு வாசனை, கழுவுகிற வேலையும் மிச்சம்.

கடலோரக் கணக்கன்:

நாகர்கோவில்காரன், மங்களூரில் வேலை. இங்கே உடுப்பி, மங்களூர் பக்கம் பலா இலை நாலை ஈர்க்கால் குத்திக் கிண்ணம் மாதிரி தைத்து, அதில் இட்லி மாவை ஊற்றி அவிக்கிறார்கள். கொட்டே கடுபு என்று பெயர். கிருஷ்ண ஜெயந்திக்கும் விநாயகர் சதுர்த்திக்கும் வீட்டுக்கு வீடு உண்டு. தாழை இலையின் முள்ளை எடுத்துவிட்டு, குழாய் மாதிரி சுருட்டி அதில் ஊற்றினால் மூடே. இலை வாசனை இட்லியில் ஏறி இருக்கும்.

ஊரில் பலா இலையைக் கோட்டிக் கஞ்சி குடித்துப் பழகினவன் நான். ஆனாலும் இங்கே வீட்டுக்காரம்மா கிண்ணம் தைக்கச் சொல்லிக் கொடுத்தபோது முதல் நாலு கிண்ணமும் ஒழுகிவிட்டது. பிள்ளைகள் விரல் என்னுடையதைவிடச் சின்னது, நன்றாக வரும். திருப்பூரில் பலா மரம் கிடைக்குமா?

ஒசாகா ஓரம்:

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஜப்பானில் ஒசாகாவுக்கு வந்து 6 வருடம் ஆகிறது. இங்கே தாகோயாகி என்று ஒரு தெருப் பலகாரம். கோதுமை மாவைத் தண்ணீராகக் கரைத்துக் குழியில் ஊற்றி, உள்ளே ஒரு துண்டு ஆக்டோபஸ் வைத்து உருண்டையாகச் சுடுவார்கள். ஒசாகாவில் வீட்டுக்கு ஒரு மின்சாரத் தாகோயாகிக் கல் இருக்கும் என்றே சொல்வார்கள். நானும் பழைய சாமான் கடையில் 24 குழிக் கல் ஒன்று வாங்கினேன். பெட்டியைத் திறந்ததும் மனைவி சொன்னது: "பணியாரக் கல்லுக்கு ஒயர் வைத்துவிட்டார்கள்."

இவர்களிடம் நான் கற்றுக்கொண்டது இரண்டு.

ஒன்று, திருப்புகிற விதம். நாம் பணியாரத்தை ஒரே தடவையில் தலைகீழாகப் புரட்டுவோம். அதனால் மேல் பக்கம் தட்டையாக, கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்கும். இவர்கள் குழி நிறைய ஊற்றுகிறார்கள், கல்லின் மேலெல்லாம் கொஞ்சம் வழிந்தாலும் கவலைப்படுவதில்லை. அடி மட்டும் வெந்து உள்ளே மாவு தளதளவென்று இருக்கும்போதே கம்பியை ஓரத்தில் விட்டுக் கால் வட்டம் சுழற்றுகிறார்கள். பணியாரம் செங்குத்தாக நிற்கும். உள்ளே இருக்கிற பச்சை மாவு வழிந்து காலியான பக்கத்தை நிரப்பும். வெளியே வழிந்ததையும் கம்பியால் உள்ளே தள்ளிவிடுவார்கள். அரை நிமிடம் கழித்து மறுபடி ஒரு கால் வட்டம். அப்படியே போனால் கோலிக் குண்டு மாதிரி முழு உருண்டை. இட்லி மாவிலும் இது வருகிறது, தோசை மாவு பதத்துக்குக் கரைத்துக்கொண்டால் போதும். நம் இரும்புக் கல்லில் குழி ஆழம் குறைவாக இருந்தால் முட்டை வடிவமாக வரும், அதுவும் அழகுதான்.

இரண்டாவது, விளையாட்டு. நண்பர்கள் கூடித் தாகோயாகி சுடும்போது, ஒன்றே ஒன்றில் மட்டும் ஆக்டோபஸுக்குப் பதில் வசாபி என்கிற காரமான பச்சை விழுதை ஒளித்து வைத்துவிடுவார்கள். யாருக்கு அது வரும் என்று தெரியாது. தின்றவர் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும், மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் 7 குழிக்கு இது கச்சிதம். குழிக்கு ஒன்றாக வேக வைத்த உருளைக்கிழங்கு, சீஸ், பட்டாணி, தேங்காய் வெல்லம் என்று வையுங்கள். ஒன்றில் மட்டும் வில்லங்கம்.

பனியன்ஊர்க்காரன்:

10 நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லாவற்றையும் உடனே செய்ய முடியவில்லை, கல்லை ஊற வைக்கவே 2 நாள் போயிற்று.

முதலில் டம்ளர் இட்லி. பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள் என்று எழுதியிருந்ததை மகளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, நானே முக்கால் டம்ளர் ஊற்றினேன். குண்டாவைத் திறந்தால் தண்ணீர் பால் மாதிரி இருந்தது. ஆனால் டம்ளரில் நின்றவரைக்கும் நன்றாகவே வந்தது. மகள் அதைக் கேக் மாதிரி வட்டம் வட்டமாக அறுத்து, நடுவில் இட்லிப் பொடியையும் நெய்யையும் தடவி அடுக்கிக்கொண்டே போனாள். மிளகு இடிக்கிற சத்தத்துக்குக் கீழ் வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. வந்தவருக்கும் ஒரு டம்ளர் கொடுத்து அனுப்பினோம்.

பலா மரம் கிடைக்கவில்லை. வாழை இலைதான் சுருட்டினோம்.

பணியாரம்: ஆச்சி சொன்ன மாதிரி கழுநீர், வெங்காயம் எல்லாம் ஆயிற்று. முதல் ஈடு ஒன்றுகூட முழுசாக வரவில்லை. மகன் சுரண்டிச் சுரண்டியே பாதியைத் தின்றுவிட்டான், அந்தக் கருகல்தான் ருசி என்கிறான். இரண்டாவது ஈட்டுக்கு வெங்காயத்தைப் பாதியாக வெட்டி முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தோய்த்துக் குழிக்குக் குழி தேய்த்தேன். அம்மா அப்படிச் செய்தது திடீரென்று ஞாபகம் வந்தது. 7-இல் 5 முழுசாக வந்தன. குடைக்கம்பி கிடைக்கவில்லை, கொசுவலைக் கம்பியை வளைத்துப் பார்த்துக் கடைசியில் தேங்காய் ஈர்க்கு மூன்றைச் சேர்த்துக் கட்டித் திருப்பினோம். மகளுக்குக் கால் வட்டச் சுழற்சி இரண்டே நாளில் வந்துவிட்டது. எனக்கு இன்னும் வரவில்லை, என்னுடையது கவிழ்த்த கிண்ணம்தான்.

பூவன்பழம் அண்ணா, இனிப்பும் செய்தோம். வியாழக்கிழமை மாவில் செய்தேன், மகள் ஒன்றோடு நிறுத்திவிட்டாள். இந்த வாரம் செவ்வாய்க்கிழமை மாவில் செய்தபோது தட்டு காலி. ஆக, ஆச்சி சொன்னதும் சரி, நீங்கள் சொன்னதும் சரி என்று தீர்ப்புச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன்.

இப்போது விளையாட்டு. வில்லங்கத்துக்கு என்ன வைப்பது என்று வீட்டில் பெரிய ஆலோசனை. பச்சை மிளகாய் வேண்டாம், தம்பி அழுவான் என்று மகள் சொல்லிவிட்டாள். கடைசியில் பொரித்த மோர்மிளகாய். ஒளித்து வைக்கிற அதிகாரம் மகனுக்கு. ஒளித்து வைத்துவிட்டு எந்தக் குழி என்பதை அவனே மறந்துவிட்டான். பயத்தில் ஒவ்வொரு பணியாரத்தையும் எலி மாதிரி ஓரத்தைக் கொறித்துப் பார்த்துத்தான் தின்றான். மூன்று பேரும் ஆறைத் தின்று முடித்தோம், மிளகாய் வரவில்லை. ஏழாவது ஒன்று ஹாட்பாக்ஸில், அம்மாவுக்கு.

ஒன்பதரை மணிக்கு மனைவி வந்தார். பிள்ளைகள் இரண்டும் தூங்காமல் எதிரே உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டு இருந்தன. அவர் ஃபோனைப் பார்த்துக்கொண்டே கடித்தார், மென்றார், விழுங்கினார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "இன்னும் இருக்கா? மோர்மிளகாய் வைத்தது நல்லா இருக்கு" என்றார்.

மகனுக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. அடுத்த வாரம் வேறு ஏதாவது வைக்கவேண்டுமாம். மனைவியோ எல்லாக் குழியிலும் மோர்மிளகாய் வைத்துச் செய்து தரச் சொல்கிறார். முழு மிளகாயாக வைத்தால் சில குழியில் காம்பு வெளியே நீட்டிக்கொண்டு கல்லில் ஒட்டுகிறது. ஆச்சி, இதற்கு என்ன செய்வது?

பள்ளத்தூர் ஆச்சி:

காம்பைக் கிள்ளிவிட்டு, பொரித்ததும் கையால் நொறுக்கி மாவிலேயே கலந்துவிடுங்கள். உப்பைக் குறையுங்கள், மோர்மிளகாயில் ஏற்கெனவே இருக்கிறது. வீட்டுக்காரம்மாவுக்குத் தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னி மட்டும் போதும், காரச் சட்னி வேண்டாம்.

சின்னவனுக்கு அடுத்த வாரம் ஒரு குழியில் ஒன்றுமே வைக்காமல் விடச் சொல்லுங்கள்.